ஆற்றுக்கு அப்பால் ஒரு கோபுரம்

“பொங்கலுக்கு மறுநாள். கோபுரம் இல்லை. அவ அங்கேயே இருக்கட்டும்.”

சென்ற ஆண்டு நாட்காட்டியில் கிழிக்காமல் விட்ட ஒரு தாளில் அப்பா எழுதிய குறிப்பு இது. ‘அவ’ எங்கள் அம்மா. ‘அங்கே’ வெள்ளவத்தை. கோபுரம், களனி கங்கைக்கு அப்பால் வத்தளைப் பக்கத்தில் உள்ள ஒரு மாதா கோயிலுடையது.

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, துறைமுகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. அப்பாவின் சகோதரர்கள் வெளிநாடு போனார்கள். அப்பா இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து, அம்மாவையும் என்னையும் கூட்டிவந்து குடிவைத்தார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை, வானொலியில் வானிலை வாசிப்பவரைத் தவிர.

வானிலையில் அவருக்கு அக்கறை வந்தது அம்மாவால். அம்மாவுக்கு இழுப்பு. மார்கழி பிறந்தால் காற்று கடலை விட்டுத் தரைப்பக்கமிருந்து வீசும். ஆற்றோரத் தொழிற்சாலைகளின் புகையும் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் லொறிகளின் புகையும் எங்கள் தெருக்களில் படிந்து நிற்கும். அயல்நாட்டிலிருந்தும் வருவதாகப் பத்திரிகைகள் எழுதும். எங்கிருந்து வந்தாலும் அது அம்மாவின் நெஞ்சுக்குள்தான் போய் இருக்கும். ஒரு மார்கழியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து மீட்டபின், புகைக்காலம் முடியும்வரை அவரை வெள்ளவத்தையில் மாமியுடன் விடுவதென்று அப்பா முடிவுசெய்தார். மாமி அப்பாவின் தங்கை. கடலைப் பார்த்த தொடர்மாடியில் தனியாக இருப்பவர்.

“நீங்களும் வாங்கோவன்” என்று அம்மா கேட்டார்.

“எல்லாரும் போனால் கோபுரத்தை ஆர் பாக்கிறது?”

தினமும் காலையில் அப்பா மொட்டைமாடிக்கு ஏறுவார். கோபுரம் தெரிந்தால் அம்மா அன்று வீட்டுக்கு வந்து, சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, பின்னேரம் திரும்பலாம். தெரியாவிட்டால் தொலைபேசியில் தடையுத்தரவு போகும்.

“இஞ்சேரும், இண்டைக்கும் தெரியேல்லை. அங்கேயே இரும்.”

“உங்கட கோபுரத்தைத் தூக்கி ஆத்தில போடுங்கோ!”

வழக்கமாகப் பங்குனியில் புகை விலகும், அம்மா பெட்டியோடு வீடு வருவார். சென்ற ஆண்டு பங்குனி முடிந்தும் அப்பா “தெரியேல்லை” என்றே சொன்னார். வருடப்பிறப்புக்குச் சில நாட்களுக்கு முன், அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டோவில் வந்து இறங்கி, நேரே மாடியேறினார். அப்பாவும் நானும் பின்னால் ஓடினோம்.

“அந்தா, வெள்ளையா சிலுவையோட நிக்குதே, அது என்ன?”

அப்பா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். “புகைதானப்பா.”

“புகை உங்கட கண்ணுக்குள்ளதான்!”

கண் வைத்தியரும் அதையே வேறு சொற்களில் சொன்னார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். தெளிந்த நாட்களையும் புகைநாட்களென்று நம்பி அம்மாவைத் தள்ளி வைத்திருந்தது அப்பாவுக்கு மிகவும் உறைத்தது.

“இவ்வளவு நாளும் உம்மை வீணா அங்க விட்டிட்டன்.”

“வீணில்லை. உங்கட தங்கச்சியின்ர சாம்பாரைக் குடிக்கப் பழகிட்டன்.”

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்பா தெருவில் போகும் பஸ்களின் பெயர்ப்பலகைகளைக்கூட உரக்க வாசித்தார். இந்த மார்கழியில் அம்மா மறுபடி வெள்ளவத்தை போனார். அப்பாவின் இதயம் பலவீனமென்று வைத்தியர் சொன்னதும் அப்போதுதான். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாமென்று என்னைத் தடுத்தார். சொன்னால் அம்மா புகைக்குள் வந்துவிடுவார் என்பதே அவருடைய பயம்.

பொங்கல் கழிந்த கிழமையில் ஒரு காலை, நான் வேலைக்குப் போனபின், அவரே தொலைபேசி எடுத்தார். “கோபுரம் நல்லாத் தெரியுது. வாரும்.” அம்மா வந்து புட்டும் சொதியும் வைத்தார். இருவரும் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மதியம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்த அப்பா பிறகு எழும்பவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தார்.

செய்தி கேட்டதும் வைத்தியரை அழைத்துவந்த கீழ்வீட்டு ஹாஜியார் குடும்பத்தையும், அம்மாவை இத்தனை புகைக்காலம் தாங்கிய மாமியையும், தோள்கொடுத்த துறைமுக நண்பர்களையும், தூரநாடுகளிலிருந்து வந்த உறவுகளையும் நாங்கள் மறக்கமாட்டோம்.

எதையும் விசாரித்துப் பார்த்தே எழுதுவது என் பழக்கம். அன்று காலை வெள்ளவத்தையில் கடலில் நின்ற கப்பல்கூடத் தெரியவில்லை என்கிறார் மாமி. கொட்டாஞ்சேனையில் நல்ல வெயில் என்கிறார் ஹாஜியார். அம்மாவிடம் கேட்டேன்.

“நான் மேல ஏறிப் பாக்கேல்லை. அவர் வாரும் எண்டவர். வந்தனான்.”

ஆகவே, அன்று கோபுரம் தெரிந்ததா என்பது அப்பாவின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.