கையில் ஒட்டும் மாவு

ரொட்டியக்காவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்று சொல்பவர்களுக்கு அவளோடு அவ்வளவாகப் பழக்கமில்லை என்று அர்த்தம். கொஞ்சமாமே, கொஞ்சம்! சின்ன வயதில் தன்னைவிட உயரமான சைக்கிளை ஓட்டியே தீருவேன் என்று கிளம்பி, தெருமுனைக் கல்லில் மோதித் தாடையைப் பிளந்துகொண்டவள் அவள். அந்தத் தழும்பைப் பார்த்து யாராவது பரிதாபப்பட்டால் போதும், "அன்னிக்கு வீட்டுக்கு அதே சைக்கிளை ஓட்டிட்டுத்தான் வந்தேன், தெரியுமா?" என்று மடக்கிவிடுவாள்.

மலையடிவாரத்தில் மின்கம்பி பழுது பார்ப்பவர்களின் டிப்போ ஒன்று உண்டு. அதன் சமையலறைதான் அவள் ராஜ்யம். கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. வேலை தேடி வெளியூர் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு தம்பி வேலை பார்க்கும் டிப்போவுக்கு வந்து, சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். அங்கே மூலையில் ஓவன் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. உள்ளே எலி குடியிருந்தது. "அது சும்மா அழகுக்கு இருக்கும்மா, எரியாது" என்றார் மேஸ்திரி. சொல்லியிருக்க வேண்டாம். அந்த வாரக் கடைசியில் எலி வெளியே, ரொட்டி உள்ளே. அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

கம்பி ஆட்கள் மலை ஏறினால் ஒரு வாரம் கீழே இறங்க மாட்டார்கள். பாதை முடியும் இடத்தில் லாரி இறக்கிவிடும். அதற்கு மேல் நடைதான். கம்பி தாங்கும் இரும்புக் கோபுரங்களில் ஏறி இறங்கி வேலை பார்த்து, ராத்திரி தகரக் கொட்டகையில் படுப்பார்கள். கடை கிடையாது, கண்ணி கிடையாது. டீ போட ஒரு சின்ன அடுப்பு, முதுகில் சுமந்து போகும் ரொட்டி, அவ்வளவுதான். கிளம்பும் காலையில் ஆவி பறக்கும் வெள்ளை ரொட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி லாரிக்கு மேலே நீட்டுவது ரொட்டியக்காவின் வழக்கம். ஆட்கள் பையைக் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்ப்பார்கள். அதைப் பார்க்க அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

போன மழைக்காலத்தில் அந்தச் சூடுதான் காலை வாரியது. பைக்குள் வேர்த்து, ரொட்டி பாதி வாரத்திலேயே பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டது. தப்பித்த துண்டுகள் காய்ந்து உதிர்ந்தன. மழையில் லாரியும் வரவில்லை. சர்க்கரை போட்ட டீயைக் குடித்தே ஆட்கள் பொழுதை ஓட்டினார்கள். கடைசி நாளில் வெறும் வயிற்றோடு கோபுரம் ஏறிய தம்பிக்கு உச்சியில் தலை சுற்றியது. கோபுரத்தோடு கட்டிய இடுப்புப் பட்டை உயிரைப் பிடித்து வைத்தது. கால் மட்டும் இரும்பில் அடிபட்டு முறிந்தது.

யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. "மழை பெஞ்சா ரொட்டி என்னம்மா பண்ணும்?" என்றார் மேஸ்திரி. தம்பியோ கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, "டீயே போதும்னு நினைச்சேன் அக்கா, என் தப்புதான்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னான். இருக்கிறவர்கள் எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அவளை மன்னிக்க மனம் வரவில்லை. சோறு போட வந்த இடத்தில் சொந்தத் தம்பியைப் பட்டினி போட்டோமே என்று உள்ளுக்குள் குமைந்தாள்.

கால் கூடியது. அடுத்த மாதம் மலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலம் தம்பியின் பழைய பையைத் துவைக்க எடுத்தவள், அடியில் காலுறைக்குக் கீழே ஏதோ தட்டுப்படுவதைப் பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, அவள் கண்ணில் படக் கூடாது என்று துணியில் சுற்றி வைத்திருந்தான்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது நெஞ்சில் இறங்கிவிட்டது. அக்கா மனசு நோகக் கூடாது. அதே சமயம் அக்கா ரொட்டியை நம்பி ஏறவும் முடியாது. பாக்கெட்டுகளை இருந்த இடத்திலேயே வைத்து, பையைத் துவைக்காமலே ஆணியில் மாட்டினாள். பிறகு நேரே டிப்போவின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரிடம் போனாள்.

"அண்ணே, முழுக்கோதுமை மாவு வேணும். உமியோட இருக்கணும். உடைச்ச பார்லி, ஓட்ஸ். பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, அத்திப்பழம்."

"யாருக்கும்மா கல்யாணம்?"

"உங்களுக்குத்தான். எடுங்க."

அவள் கணக்கு இதுதான். வெள்ளை மாவு மலை ஏறுபவன் வயிற்றில் அரை மணி நேரம்கூட நிற்காது. முழுத் தானியம் நிற்கும். உலர்ந்த பழமோ மாசக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. அதோடு கூட்டுச் சேர்ந்தால் ரொட்டிக்கும் அந்தக் குணம் வராதா? எல்லாவற்றையும் கொட்டி, வழக்கம்போல் பிசைந்து, சுட்டு எடுத்தாள். மேலே துருத்திய திராட்சையெல்லாம் கருகிப்போயிருந்தது. அடியைச் சுண்டினால் செங்கல்லைச் சுண்டிய மாதிரி விரல் வலித்தது.

மேஸ்திரி தைரியசாலி. ஒரு கடி கடித்தார். கடக்கென்று ஒரு சத்தம். பொய்ப்பல் செட்டு ரொட்டியிலேயே நின்றுவிட்டது. ரொட்டியைக் கையில் பிடித்தபடி, பல்லில்லாத வாயால் அவர் ஏதோ சொன்னார். அது புரியாமல் போனது அவளுக்கு நல்லதுதான். அதற்குப் பிறகு டிப்போவில் அவருக்குப் பல்லு மேஸ்திரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவள் விடுவாளா? அடுத்த நாளும் பிசைந்தாள், அதற்கடுத்த நாளும். ஒரு தடவை ஈஸ்ட்டைக் கூட்டினாள், ஒரு தடவை சூட்டைக் குறைத்தாள். ரொட்டி சுட்ட அன்று சுமாராக இருக்கும். இரண்டு நாள் போனால் மறுபடி கல். "அந்த வெள்ளை ரொட்டியே தேவலை, விட்டுடேன் அக்கா" என்று தம்பி கெஞ்சினான். "நீ காலைப் பாரு. நான் மாவைப் பார்த்துக்கறேன்" என்று அவன் வாயை அடைத்தாள்.

விடை கஞ்சிப் பானையில் இருந்தது. ஒருநாள் மிஞ்சிய பார்லிக் கஞ்சியை மூடி வைத்து மறந்துவிட்டாள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் தண்ணீர் சொட்டுக்கூட இல்லை. கரண்டியை நட்டால் நிற்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் தானியம் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்போ ரொட்டிக்குள்ளே? உள்ளே கிடக்கும் பார்லியும் உமியும் திராட்சையும் தாகத்தோடுதானே கிடக்கின்றன? சுற்றியிருக்கிற ரொட்டியைத்தானே அவை குடிக்கின்றன? காற்று வந்து ரொட்டியைக் காய வைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே திருடன்.

"குடிங்கடா, வயிறு முட்டக் குடிங்க" என்று சொல்லிக்கொண்டே அன்று மாலை பார்லியையும் ஓட்ஸையும் பழங்களையும் வெந்நீரில் ஊறப் போட்டாள். முழுக்கோதுமை மாவையும் தண்ணீர் விட்டுக் கலந்து ஈரத்துணியால் மூடினாள். காலையில் எல்லாம் பூரித்துப்போய் இருந்தன. ஈஸ்ட்டையும் உப்பையும் சேர்த்துப் பிசைந்து சுட்டாள். இரண்டு நாள் கழித்து அறுத்தால் கல் இல்லை. ஆனால் நாக்கில் வறவறவென்று ஒட்டியது. இவ்வளவு தண்ணீர் குடிக்க வைத்தும் இந்த வறட்சி எங்கிருந்து வருகிறது?

அடுத்த முறை பிசையும்போதுதான் தன் கையைத் தானே பார்த்தாள். வலது கை மாவைப் பிசைகிறது. இடது கை, அவளைக் கேட்காமலே, பக்கத்து டின்னில் இருந்து உலர்ந்த மாவை அள்ளி அள்ளித் தூவுகிறது. கையில் ஒட்டாத மாவுதான் நல்ல மாவு என்பது அவளுடைய வேதம். பிசைந்து முடித்தால் பாத்திரமும் சுத்தம், விரலும் சுத்தம். அதுதான் அவள் கைப்பக்குவம், அதில் அவளுக்குத் தலைக்கனமே உண்டு. ராத்திரியெல்லாம் குடிக்க வைத்த தண்ணீரைக் காலையில் அந்தத் தலைக்கனம்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இனிமேல் தூவ மாட்டேன் என்று முடிவெடுத்தாள். முடிவெடுத்தது மனசு, கைக்கு அது தெரியவில்லை. மறுபடியும் பாதி டின் காலி. ஆத்திரத்தோடு டின்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள்.

"அண்ணே, இதை உள்ளே வெச்சுப் பூட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"மாவு டின்னையா? நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாத்தான் குடுக்கக் கூடாது!"

மறுநாள் காலை அவளே போய்க் கேட்டாள். கைமணிக்கட்டு வரை மாவு அப்பியிருந்தது. விரலை விரித்தால் வாத்துக்கால் மாதிரி இருந்தது. "ஒரு பிடி போதும் அண்ணே, ஒரே ஒரு பிடி." அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நன்றி கெட்ட மனுஷன் என்று வாய்விட்டே திட்டிவிட்டுத் திரும்பினாள். வேறு வழியில்லாமல் கையைத் தண்ணீரில் நனைத்து, அந்தக் கொழகொழ மாவை மடித்து மடித்து, திராட்சைகளை உள்ளே தள்ளி, அச்சில் வழித்துப் போட்டாள். பார்க்கச் சேறு மாதிரி இருந்தது. அவமானமாகவும் இருந்தது.

வெந்த ரொட்டி கருஞ்சிவப்பாய், கனமாய் வந்தது. வாசனைக்கு ஆட்கள் கத்தியோடு வந்துவிட்டார்கள். அவள் குறுக்கே நின்றாள். "நாளைக்கு. சூடு முழுசா ஆறி, ஈரம் உள்ளே படியணும். இன்னிக்குத் தொட்டீங்கன்னா கையை முறிச்சுடுவேன்." சூடான ரொட்டியால் பெயர் வாங்கியவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு. அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள்.

கிளம்பும் நாளும் வந்தது. முந்தின நாளே சுட்டு ஆற வைத்த ரொட்டிகளைப் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதிலே கன்னத்தில் ஒற்ற எதுவும் இல்லை. தம்பியின் பையில் அவளே ரொட்டியை வைத்தாள். வைத்துவிட்டு, "பிஸ்கட் அடியில இருக்கு, நசுங்காமப் பார்த்துக்கோ" என்றாள்.

தம்பிக்கு முகம் செத்துப்போனது. "அக்கா, அது வந்து..."

"எடுத்துட்டுப் போன்னுதான் சொல்றேன். ரெண்டும் உன் முதுகுலதான் இருக்கு. எது நிக்குதுன்னு நீயே பார்த்துட்டு வா."

அதே சூட்டில் வெந்த ரொட்டி ஒன்றை அவள் தனக்கென்று நிறுத்திக்கொண்டாள். அதையும் துணியில் சுற்றி, சமையலறையிலேயே ஈரம் அதிகமான ஜன்னலோரத்தில் வைத்தாள். தினமும் ஒரு துண்டு அறுத்தாள். முகர்ந்து பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, மெதுவாக மென்றாள். அவன் இன்று மேலே தின்பது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பார்லி பல்லில் மெத்தென்று பட்டது. அத்தி விதை நறநறத்தது. நாள் போகப் போக இனிப்பு உள்ளே இறங்கியதே தவிர வறட்சி வரவில்லை.

வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறாகிவிட்டது, லாரி போக முடியவில்லை என்று சேதி வந்தது. போன தடவை வந்த அதே சேதி. அவள் ஓடிப்போய்த் துணியைப் பிரித்தாள். கடைசித் துண்டு. ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. ஆனால் ஜன்னலோரம் வேறு, மலை வேறு. அதையும் தின்று முடித்தாள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அடுத்த தவணைக்கு மாவைப் போட்டாள்.

கை மணிக்கட்டு வரை மாவில் இருந்தபோது, எப்படியோ சேற்றைத் தாண்டி வந்த லாரியின் சத்தம் வாசலில் கேட்டது. முதலில் நுழைந்தவர் பல்லு மேஸ்திரி. நனைந்து ஒழுகிக்கொண்டே வாயைத் திறந்து காட்டினார். "பார்த்துக்கோம்மா, அத்தனையும் இருக்கு. நேத்து கடைசித் துண்டுக்கு எங்களுக்குள்ள அடிதடி" என்று சொல்லிவிட்டு டீ தேடிப் போனார்.

பின்னால் தம்பி வந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். இரண்டு காலும் நேராக நடந்து வந்தன. அவன் பையைக் கவிழ்த்தான். ரொட்டி சுற்றிய துணி வெறும் துணியாக விழுந்தது. அதற்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட்டுகள் விழுந்தன. மூலைகள் நசுங்கியிருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இதை நீ டீக்குத் தொட்டுக்கோ அக்கா" என்றான். "இனிமே இதைச் சுமக்க எனக்கு முதுகுல இடமில்லை."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினாள். இரண்டு கையிலும் மாவு ஒட்டியிருந்தது.

"அங்க மேசையில வை" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கையைப் பாரு, எப்படி ஒட்டியிருக்குன்னு."