நடுக்கடலில் கிடைத்த சாட்சி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்கப் போன விசைப்படகு ஒன்று முன்பக்கம் நொறுங்கிப்போய், இன்னொரு படகு கட்டி இழுத்துவரக் கரை சேர்ந்தது. அதில் தண்டல், அதாவது படகை ஓட்டுகிறவர், என் வீட்டுக்காரர்.

யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதா காப்பாற்றினாள். "பனிமூட்டத்துல ஒரு கப்பல் இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டுது" என்றார் அவர். இன்சூரன்ஸ்காரர்கள் நம்பவில்லை. தண்டல் குடித்துவிட்டுத் தூங்கி, பாறையில் மோதிவிட்டார் என்று எழுதிவிட்டார்கள்.

குடியை விடுவதாக அவர் மாதா முன்னால் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டவர். அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால்தான் பேச்சு அப்படிச் சுட்டது. மீன் ஏலக்கூடத்தில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏளா, ஒன் மாப்பிள்ளை மாதாவுக்கு நேந்தது அம்புட்டுதானா?"

அடுத்து வந்த மாதா கோயில் திருவிழாவில் அவர் சப்பரம் தூக்கப் போகவே இல்லை. "செய்யாத தப்புக்கா வெக்கப்படுதீங்க?" என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

முதலில் பார்த்த வக்கீல், "நடுக்கடல்ல யாரைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லுதீங்க?" என்று அனுப்பிவிட்டார். பிறகு படகு முதலாளி அண்ணாச்சி எங்களை வேறொரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார். என் மகள் வயசுதான் இருக்கும். மேசையில் ஒரு காகிதக் கட்டுகூட இல்லை, கம்ப்யூட்டர் மட்டும். "இந்தப் பிள்ளையா?" என்று அண்ணாச்சி காதில் கேட்டேன்.

பெரிய கப்பல்கள் தாங்கள் போகும் வழியை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகுமாம். அந்தப் பதிவு மலைபோலக் கிடக்குமாம். வக்கீலம்மா அதையும் எங்கள் படகின் ஜிபிஎஸ்ஸில் இருந்த வழியையும் ஏஐயிடம் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் ஒரு கப்பலைக் காட்டிவிட்டது! நான் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்கம்மா. இது வேகமாத் தேடும். சில நேரம் கூசாமப் பொய்யும் சொல்லும். போன மாசம் வேற ஒரு கேஸ்ல, இல்லாத தீர்ப்பை இருக்குன்னு அடிச்சுச் சொல்லிச்சு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அது காட்டிய கப்பல், அந்த நேரத்தில் வேறெங்கோ நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. மறுபடி தேடவிட்டு, ஒவ்வொன்றாகத் தானே சரிபார்த்து, இடித்த கப்பலைக் கண்டுபிடித்தார்.

கோர்ட்டில் இன்சூரன்ஸ்காரர்களின் வக்கீல், "மெஷின் வந்து கூண்டுல நிக்குமா?" என்று சிரித்தார்.

"மெஷினை நம்ப வேண்டாம் சார். துறைமுகத்துல முத்திரை போட்டு வாங்கின பதிவைப் பாருங்க" என்று நீட்டினார் எங்கள் வக்கீலம்மா. படகு கோடு போட்ட மாதிரி நேராக வந்திருக்கிறது. பாறைப் பக்கமே போகவில்லை. கப்பல்தான் குறுக்கே வந்திருக்கிறது.

அதற்கடுத்த வருஷத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் தீர்ப்பு வந்தது. தண்டல் மேல் தப்பில்லை! கோர்ட் வாசலிலேயே தேம்பித் தேம்பி அழுதார் என் வீட்டுக்காரர்.

சப்பரம் கிளம்பியபோது முன்வரிசையில் அவர் தோள். பக்கத்தில் நின்ற அதே ஏலக்கூடத்துக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, அங்கன பாரு, ஒன் மாப்பிள்ளை!" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும், "கம்ப்யூட்டருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துனியா?" என்று கேலி செய்தார் என் வீட்டுக்காரர். ஏற்றத்தான் செய்தேன், வக்கீலம்மா பேரில். மெஷின் காட்டியதைக் கண்ணை மூடி நம்பாமல் தானே உட்கார்ந்து பார்த்த அந்தப் பிள்ளையை மாதாதான் எங்களுக்கு அனுப்பினாள் என்று, சப்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.