கிருத்திகையன்று வந்த ப்ராசஸர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆடிக் கிருத்திகையன்று முருகன் வந்து உட்கார்ந்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண் வேறென்ன செய்வாள்?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. பெரியப்பா, என் அப்பா, சித்தப்பா மூவரும் ஒரே கூரையின் கீழ். பெரியப்பாவும் அப்பாவும் தறியில் உட்காருவார்கள். சித்தப்பாவுக்கு அதில் மனம் போகவில்லை. முன் அறையில், நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழி ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் மேசை போட்டு, யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருந்தார். தெருப் பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுக் கார் ரேஸ் ஆடுவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் எனக்கு இலவசம்.

கடைத்தெருவில் புதிதாக ஒரு கேம்ஸ் சென்டர் திறந்ததும் எங்கள் பையன்கள் அங்கே ஓடிவிட்டார்கள். புது கேமை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டால் கார் நகராது. திக்கித் திக்கி நாலு அடி போகும், நிற்கும், அப்புறம் திடீரென்று சுவரில் மோதியிருக்கும்.

"மாட்டு வண்டியே தேவலாம்ண்ணா" என்று சொல்லிவிட்டு ஒருவன் பாதியில் எழுந்து போனான். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை.

பெரியப்பாவுக்கோ கல்யாணச் சேலை ஆர்டர் குவிந்து கிடந்தது. இன்னொரு தறி போட இடமில்லை. ஒருநாள் காலை, பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஆடிக் கிருத்திகை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள உன் கடை ஓடலன்னா பலகையத் தூக்கிட்டுத் தறியப் போட்டுடுவேன். நீதான் உட்காரணும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு சுத்தக்கூடாது."

சித்தப்பா தலையை ஆட்டினார். புது கம்ப்யூட்டர் வாங்க அவருக்கு வக்கில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கிற ப்ராசஸரை மட்டும் மாற்றினால் போதும் என்று எங்கேயோ கேட்டு வந்திருந்தார். எனக்குப் புரியும்படியும் சொன்னார்: "பாவு நூல் நல்லாருக்குது, ஊடை நூல் நல்லாருக்குது, நெய்யிறவன் கை மெதுவா ஓடினா சேலைய எப்போம்மா முடிச்சித் தறியிலேருந்து அறுத்து எடுக்கறது? அந்தக் கைதான் இது. கைய மட்டும் மாத்திட்டா அதே தறி பறக்கும்."

கிருத்திகைக்கு முதல்நாள் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனார். ஏதோ ஆபீசில் கழற்றிப் போட்ட பழைய ப்ராசஸர் ஒன்று, எங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிற மாதிரி, மலிவாகக் கிடைத்தது. பஞ்சு வைத்த தீப்பெட்டிக்குள் வைத்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். திறந்து காட்டினார். பிஸ்கட்டைவிடச் சின்னது. அடியில் எறும்புக் கால் மாதிரி ஊசிகள். இதற்கா இவ்வளவு என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் காலை வீடு முழுக்கக் கழுவி விட்டாயிற்று. பெரியம்மா எல்லாக் கிருத்திகைக்கும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பாள். சாயங்காலம் குமரகோட்டம் முருகன் கோயிலுக்குப் போய்வந்துதான் வாயில் ஏதாவது போடுவாள். எதற்காக என்று தெருவுக்கே தெரியும். பெரியப்பாவுக்கும் அவளுக்கும் குழந்தை இல்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம், அவ்வளவுதான்.

புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் சந்தனம் குங்குமம் வைக்காமல் எடுக்கக்கூடாது என்பது பெரியம்மாவின் சட்டம். அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணி, இதும்மேல ஈரம் பட்டாப் போச்சு. வேணும்னா கம்ப்யூட்டர் பெட்டிக்கு வையுங்க."

"ஏன்டா, உள்ள இருக்கிறவனுக்கு இல்லாத பொட்டு வெளிய இருக்கிற பொட்டிக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டிக்கு நாலு மூலையிலும் பொட்டு வைத்தாள். அடுப்பில் பால் பொங்கவே, கிண்ணத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

வாசலில் அதற்குள் பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பாதான் வரச் சொல்லியிருந்தார். என்னையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே திருகாணி உருளுகிற சத்தம் கேட்டது. "ஐயையோ" என்று ஒருதரம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"அண்ணா, ஆபரேசன் முடிஞ்சிதா? ஆளு பொழைச்சிக்குமா?" என்று ஒரு பையன் கத்தினான்.

கதவு திறந்தது. சித்தப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

கேம் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன், பறந்தது! ரோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. மரங்கள் சர்சர்ரென்று பின்னால் போயின. பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் ஏறிக்கொண்டு, "செம்மண்ணா! அடுத்தது நானு!" என்று கத்தினார்கள். சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அவர் கடை பிழைத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

மூன்றாவது பையன் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் லேசாக. அப்புறம் அறை முழுக்க. பூசையறையில் வருவதுபோல் இல்லை, கருவறைத் திரையை விலக்கும்போது குப்பென்று வருமே, அந்த மாதிரி. சுடச்சுடச் சந்தனம். பெட்டியின் பின்னால் காற்று வருகிற ஓட்டையில்தான் அது வந்துகொண்டிருந்தது. பையன்கள் கத்துவதை நிறுத்தினார்கள். ஒருவன் பெட்டிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், வெடுக்கென்று பின்னால் வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பெரியம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். கரண்டி கையிலிருந்து விழுந்தது.

"முருகா" என்றாள். "வந்துட்டியாப்பா!"

அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். திரையில் கார் எங்கேயோ மோதிக் கவிழ்ந்து, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் தீபாராதனை நடந்தது.

பெரியப்பா தறியிலிருந்து எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதற்கு முன்னால் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, இந்தப் பொட்டி இங்கயே இருக்கட்டும்டா. தறிய நான் வேற எடத்துல பார்த்துக்கறேன். இனிமே இதப் பத்தி நான் பேசினா கேளு."

சித்தப்பா ஜெயித்துவிட்டார்! நான் அவர் கையைப் பிடித்தேன். பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி சில்லிட்டிருந்தது.

அப்போதுதான் பெரியம்மா வாய்விட்டு வேண்ட ஆரம்பித்தாள். நாங்கள் இத்தனை பேர் நிற்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. "எத்தினி வருசமா உன் வாசலுக்கு நடந்துக்கினு இருக்கேன். இன்னிக்கு நீயே நடந்து வந்துட்டியே. அப்போ குடுக்கத்தானே வந்திருக்கே? என் வயித்துல ஒண்ணு வரும்னுதானே அர்த்தம்? வந்தா உன் பேர வெச்சி, உனக்கே மொட்டை போடறேன்பா. இனிமே நான் அழ மாட்டேன்."

"அண்ணி" என்றார் சித்தப்பா.

அவள் காதில் விழவில்லை.

சித்தப்பா சட்டென்று ஒயரைப் பிடுங்கினார். திரை இருண்டது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த ஃபேனைத் தூக்கினார். அதன் அடியில், அந்தச் சின்ன ப்ராசஸரின் தலையில், சந்தனம் அப்பியிருந்தது. வெந்து, பழுப்பேறி, வெடிப்பு விட்டு.

"நான்தான் வெச்சேன் அண்ணி" என்றார். "இதுக்கும் ஃபேனுக்கும் நடுவுல ஒரு பசை தடவணும். இல்லாட்டி சூட்டுல செத்துரும். அத வாங்கக் கையில காசு இல்ல. பழைய பசை காஞ்சி திருநீறு மாதிரி உதிர்ந்துடுச்சி. பசங்க வந்து நின்னுட்டாங்க. நீங்க வெச்சிட்டுப் போன கிண்ணத்துலேருந்து எடுத்துத் தடவிட்டேன். சூடு ஏறினதும் மணக்குது. சாமி இல்ல அண்ணி. மன்னிச்சிருங்க."

கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

பெரியப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் அந்தப் பழுப்புச் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. எழுந்து, விழுந்த கரண்டியை எடுத்துக்கொண்டு, சமையலறைக்குப் போனாள்.

சித்தப்பா யாரும் சொல்லாமலே கம்ப்யூட்டரைத் தூக்கி ஓரமாக வைத்தார். மேசையை நகர்த்தினார். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாத்தினார். "இருடா, அப்புறம் பேசிக்கலாம்" என்று பெரியப்பா சொன்னதை அவர் கேட்கவே இல்லை. அடுத்த மாதம் அந்தக் குழியில் தறி ஏறியது. சித்தப்பா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. இப்படி ஒரு முட்டாள் இருப்பாரா என்று அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் கடை அவருடையது, கேம் என்னுடையது, முருகன் பெரியம்மாவுடையவன். யாருக்கு என்ன நஷ்டம்?

அதற்கடுத்த கிருத்திகையன்று பெரியம்மா விரதம் இருக்கவில்லை. காலையிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் அடக்க முடியாமல் கேட்டேன்: "சித்தப்பா அன்னிக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்ல, பெரியம்மா?"

சீப்பு நின்றது.

"அந்த வாசனை வந்துச்சே, அப்போ சாமின்னு எனக்கு மட்டுந்தான் தோணிச்சா? உனக்கு என்னம்மா தோணிச்சி?" என்று கேட்டாள்.

நான் அன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியதை மறைத்துவிட்டேன். "ஒண்ணும் தோணல. சந்தனம்தானேன்னு நெனச்சேன்" என்றேன்.

பெரியம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரீட்சையில் சரியான விடை எழுதிவிட்டவளைப் போல நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.