கோட்டைக்குப்பத்துக்கு டப்பா மீன் கொண்டுபோன கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீன் பிடித்து வாழும் ஊருக்கு, தக்காளிக் குழம்பில் ஊறிய டப்பா மத்தியை, அதுவும் இருபத்து நான்கு டப்பா, பினாங்கிலிருந்து கப்பலேற்றிச் சுமந்து சென்ற ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். வாங்கும்போதே என் மனைவி சரோஜா கேட்டாள்: "மீன்காரங்களுக்கு மீனா? அடுத்து என்ன, ரெண்டு மூட்டை உப்பும் வாங்கவா?" அவளுக்கு உலக அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முட்டாள்தனத்தையும் சொல்லிவிட்டால் மனசு லேசாகும். பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் என் அக்கா தனம் இருக்கிறாள். எங்கள் அப்பா சின்னய்யன் அந்த ஊர்க்காரர்தான். இளவயதில் பினாங்குத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர் அங்கேயே குடும்பம் நடத்தினார். அக்காவுக்குப் பதினெட்டு வயதானபோது தம் தங்கை மகன் வேலாயுதத்துக்குக் கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பினார். அப்போது எனக்குப் பத்து வயது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1979 தை மாத விடுமுறையில்தான் அவளைப் பார்க்கப் புறப்பட்டேன். "வியாழக்கிழமை காலை ரயிலில் பொன்னேரி வந்து சேருவோம்" என்று பினாங்கிலிருந்தே கடிதம் எழுதியிருந்தேன். சென்னை வந்ததும் எனக்குள் இருக்கும் கோமாளி விழித்துக்கொண்டான். சொன்னபடி ரயிலில் போய் இறங்கினால் என்ன சுவாரஸ்யம்? பஸ்ஸில் போய் வாசலில் திடீரென்று நின்றால் அக்கா எப்படித் திகைப்பாள்!

திகைத்தாள். அது பிறகு.

காலை ஐந்து நாற்பதுக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினோம். பழவேற்காடு சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு ரூபாய் அறுபது காசு. மத்திப் பெட்டிக்குத் தனியாக ஒரு டிக்கெட் கிழித்தார் நடத்துனர்.

"உள்ள இன்னா சார், இரும்பா?"

"மீன்."

"எங்க கொண்டுபோறீங்க?"

"பழவேற்காட்டுக்கு."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சரோஜாவைப் பார்த்தார். விசிலை ஊதினார்.

மீஞ்சூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். பொன்னேரியில் பத்து நிமிடம் நின்றது. இறங்கி, கால் ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். அதைவிட நல்ல டீ என் வாழ்க்கையில் குடித்ததில்லை. அந்த நேரம் ஒரு மைல்கூட இல்லாத தூரத்தில், பொன்னேரி ரயில் நிலையத்தில், வேலாயுதம் மாமாவின் தம்பி ஏழுமலை கையில் சாமந்தி மாலையுடன் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பொன்னேரிக்கு அப்பால் மரங்கள் குறைந்து, வானம் தாழ்ந்து, காற்றில் உப்பு ஏறியது. எட்டு நாற்பதுக்குப் பழவேற்காடு. ஏரியை முதன்முதலாகப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டேன். இது சரோஜாவே ஆச்சரியப்பட்ட நிகழ்ச்சி. கரை தெரியாத தண்ணீர், ஆனால் கடல்போல் முரட்டுத்தனம் இல்லை; வெள்ளித் தாம்பாளம்போல் அசையாமல் கிடந்தது. தொலைவில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு. யாரோ சேலை உலர்த்தியிருக்கிறார்கள் என்றேன். அந்தக் கோடு எழுந்து பறந்தது. ஆயிரக்கணக்கான பூநாரைகள்!

கரையோரம் மார்பளவுத் தண்ணீரில் சில பெண்கள் வரிசையாக நகர்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஓலைக் கூடையின் காதைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவின. கை மேலே வரும்போது ஓர் இறால், கூடைக்குள் ஒரு சின்ன சத்தம், மறுபடி கை உள்ளே. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. நான் சொந்தச் சட்டைப்பையில் சாவியைத் தேடவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவன். கும்பிடத் தோன்றியது.

ஒன்பது மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நின்று, "அக்கா!" என்று நாடகத்தில் வருவதுபோல் கைகளை விரித்தேன்.

அக்கா வெளியே வந்தாள். திகைத்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். ஐந்து நிமிடம் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏழுமலை எங்கடா?"

"எந்த ஏழுமலை?"

அழுகை நின்றது. "ஒன்னக் கூட்டியார பொன்னேரி டேசனுக்குப் போனானே! மொதோ பஸ்ஸுக்கே போனான்! நீ ரயில்ல வரலியா?"

"பஸ்ஸில் வந்தேன் அக்கா. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு…"

திண்டாட்டம் என்னவென்று எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. உங்களுக்கு நான் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் நான் மிகவும் வியந்தது இதைத்தான்.

ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் பக்கம் மீன் அதிகம் படும் இடங்கள் சில இருக்கின்றன. அங்கே நினைத்தவன் நினைத்தபோது வலை போட முடியாது. குடும்பங்களுக்கு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். அக்கா குடும்பத்துக்குப் பதினெட்டு நாளைக்கு ஒருமுறை பாடு வரும். போன பாட்டை மழை கொண்டுபோயிற்று. அதனால் இந்த வியாழக்கிழமையை அந்த வீடு முப்பத்தாறு நாளாக எதிர்பார்த்துக் காத்திருந்தது. தம்பி வருகிற நாளும் பாடு வருகிற நாளும் ஒன்றாக அமைந்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லையாம். தங்கள் முறையில் பட்ட மீனைத்தான் எனக்கு ஆக்கிப்போட வேண்டும் என்று எண்ணியிருந்தாள்.

வலைக்கு நாலு ஆள் வேண்டும். நாலு பேரும் ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்த, கல்யாணமான ஆண்களாக இருக்க வேண்டும். மாமா, போன ஆவணியில் கல்யாணமான அவர் மகன் சேகர், பங்காளி மணி. நாலாவது ஏழுமலை. ஒன்பது மணிக்குள் எங்களோடு திரும்பிவிடுவான் என்பது கணக்கு. பத்து மணிக்குத் தண்ணீர் வடியத் தொடங்கும். அதற்குள் வலை இறங்காவிட்டால் முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அடுத்த முறைக்காரர்களைத் தவிர ஊரில் மற்ற ஆண்கள் விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். பொன்னேரிக்கு ஆள் அனுப்பி ஏழுமலையைக் கொண்டுவர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். புறப்பட இருந்த பஸ்ஸின் நடத்துனரிடம் சொல்லி அனுப்பினோம், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஒன்பதரை மணிக்குக் கரையில் எல்லாரும் கூடினார்கள். தோணி தயாராக இருந்தது. ஊர்த் தலைவரை இங்கே நாட்டார் என்கிறார்கள். பீடியும் கையுமாக வந்து, தோணியில் இருந்த தலைகளை எண்ணினார்.

"மூணு கீது. இன்னொண்ணு?"

"பொன்னேரில கீறான் நாட்டாரே," என்றார் மாமா. என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏரியில் குதித்திருப்பேன்.

பத்தடி தள்ளி, அடுத்த முறைக்காரர் காத்தவராயன் தம் ஆட்களோடும் வலையோடும் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு ஆள் குறைந்தால் லாபம் அவருக்குத்தான். இருந்தாலும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஓர் அடி முன்னால் நகரவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் போகிறேன்," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. நான் போட்டிருந்தது பெல்பாட்டம் கால்சட்டை. ஒரு காலுக்குள் என்னையும் சரோஜாவையும் சேர்த்து நுழைக்கலாம்.

நாட்டார் சிரிக்கவில்லை. "இவரு வெளியூரு. எறக்கக் கூடாது."

அப்போதுதான் காத்தவராயன் வாயைத் திறந்தார். "இன்னா வெளியூரு? சின்னய்யன் புள்ளதானே. அவுரு போன எடத்துல பொறந்துட்டான், அவன் இன்னா பண்ணுவான்? எறக்குங்க."

எங்களுக்காக யார் பேச வேண்டியதில்லையோ அவரே பேசிவிட்டார். நாட்டார் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு," என்றேன். எனக்குக் கல்யாணமானதில் ஊருக்கு உண்டான முதல் நன்மை இது என்று சரோஜா இன்றும் சொல்கிறாள்.

"எறங்கு."

முகத்துவாரத்துப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர். மூங்கில் கழிகளைத் தரையில் ஊன்றி, நீரோட்டத்துக்குக் குறுக்கே வலையை அரைவட்டமாக வளைத்துக் கட்டினார்கள். மூன்று பேரும் பேசிக்கொள்ளவே இல்லை; ஒருவர் கை நீட்டும்போது மற்றவர் அதில் கயிற்றை வைத்தார். நான் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அல்லது தோணி என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு காத்திருந்தோம். தண்ணீர் மெல்ல வடிந்து முழங்காலுக்கு வந்தபோது மணி ஒன்று. என் பெல்பாட்டத்தில் மட்டும் ஏரி வடியவே இல்லை.

"மச்சான், இப்ப கேளு," என்றார் மாமா. காலையிலிருந்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. "இது அடிக்கயிறு. கால்ல மிதிச்சிக்கினு நில்லு. நாங்க அந்தப் பக்கத்துலேர்ந்து வலைய சுருக்கினு வர்றோம். இன்னா ஆனாலும் கயிறு மேல எழும்பக் கூடாது. எழும்புனா அத்தினி மீனும் அடியால பூடும்."

மிதித்தேன். அவர்கள் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். வலைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. அந்த நல்ல நேரம் பார்த்து ஒரு நண்டு என் வலது கால் கட்டைவிரலைப் பிடித்தது.

நான் போட்ட கூச்சலில் பூநாரைகள் மறுபடி எழுந்ததாகச் சேகர் பிறகு சொன்னான். காலைத் தூக்கினால் மீன் போகும். தூக்காவிட்டால் விரல் போகும். யோசிக்க நேரமில்லை. காலைத் தூக்கினேன், நிலை தடுமாறினேன், கயிற்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் மார்புவரை வந்தது.

"ஒக்காந்தே இரு!" என்று மாமா கத்தினார். "எழுந்துக்காதே! அப்டியே இரு மச்சான்!"

இருந்தேன். பதினொரு ஆண்டுகளாகப் பினாங்குக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் அலுவலகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்க்கிறேன். உட்கார்ந்தே இருப்பதில் என்னை மிஞ்ச அந்த ஏரியில் ஆளில்லை. கயிறு ஓர் அங்குலம் அசையவில்லை.

மடவை, கெளுத்தி, நண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக இறால். தோணியின் அடிப்பலகை தெரியவில்லை. கரைக்கு வந்து என் கால்சட்டையின் ஓரத்தைப் பிழிந்தபோது மேலும் இரண்டு இறால் விழுந்தன. "அது ஒன்னோட பங்கு," என்றான் மணி. அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்துச் சிரித்தாள். இருபத்து நான்கு வருடமாக நான் ஞாபகத்தில் வைத்திருந்த அதே சிரிப்பு. அவள் முதலில் எடுத்த இறால் கூடை காத்தவராயன் வீட்டுக்குப் போயிற்று.

இரண்டரை மணிக்குச் சாப்பாடு. பாய் விரித்துப் பதினொரு பேர் சுற்றி உட்கார்ந்தோம். இறால் தொக்கு, நண்டுக் குழம்பு, மடவை வறுவல். விவரித்தால் உங்களுக்குப் பாவம், எனக்குப் பசி, விட்டுவிடுகிறேன். அக்கா விடாப்பிடியாக ஒரு மத்தி டப்பாவையும் திறந்தாள். "தம்பி ஆசையாக் கொண்டாந்தான், ஆளுக்கு ஒரு வாய் தின்னுங்க!" மாமா ஒரு துண்டை வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, மரியாதையாகக் கேட்டார்: "இது செத்து எத்தினி நாளாவுது மச்சான்?"

சாப்பிட்டவர்கள் அங்கங்கே படுத்தார்கள். சரோஜாவும் அக்காவும் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொண்டு என் குறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பினாங்குப் படகுத்துறையில் தினமும் வரிசையில் நிற்கிறேன். கம்பித் தடுப்பு உண்டு, சீருடைக் காவலர் உண்டு. இருந்தும் முழங்கையால் இடித்து முந்துகிறவர்கள் உண்டு. வெட்கத்தோடு சொல்கிறேன், அவர்களில் நானும் ஒருவன். இங்கே தடுப்பில்லை, காவலில்லை. தன் கைக்கு வர இருந்த நாளைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒருவர் எங்களுக்கே விட்டுக்கொடுத்தார். அதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் இல்லை; நன்றி சொல்லப் போன என்னிடம், "கால் வெரலு எப்டி கீது?" என்றுதான் கேட்டார்.

நாலரை மணி பஸ்ஸில் ஏழுமலை வந்தான். கையில் அதே சாமந்தி மாலை. நாரும் ஏழெட்டுப் பூவும் மிச்சம். நடத்துனர் போய்ச் சொல்லத்தான் செய்தாராம். "எங்க அண்ணி ரயில்லதான் வராங்கன்னு சொல்லிச்சு" என்று இவன் நகர மறுத்துவிட்டான். ஒவ்வொரு ரயிலாகப் பார்த்து, பகல் முழுவதும் நின்றிருக்கிறான். வந்தவன் மாலையை என் கழுத்தில் போட்டான். கை கால் கழுவினான். நண்டையும் இறாலையும் அக்கா எடுத்து வைப்பதற்குள், பசி தாங்காமல் கையில் அகப்பட்ட மத்தி டப்பாவைச் சோற்றில் கவிழ்த்துப் பிசைந்து, கடைசித் துளிவரை தின்றான். பினாங்கிலிருந்து நான் சுமந்தது அந்த ஒரு மனிதனுக்காகத்தான் போலிருக்கிறது. ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய முறையை நான் அல்லவா உட்கார்ந்து தீர்த்துவிட்டேன்!

அன்றே சென்னைக்குத் திரும்ப வேண்டியிருந்தது; ஆறு மணிக்குக் கடைசி பஸ். ஏரி செம்புப் பாத்திரமாக மாறியிருந்தது. அக்கா கருவாட்டு மூட்டை ஒன்றை என் தலையில் கட்டினாள். போகும்போது இருந்த சுமை வரும்போதும் இருந்தது. மூட்டையை ஏழுமலைதான் தூக்கி வந்து பஸ்ஸின் மேல் போட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவனிடம் நீளமாக மன்னிப்புக் கேட்டேன். ஆச்சரியப்படுத்த நினைத்தது, டீ குடித்தது, நண்டு கடித்தது எல்லாம் சொல்லி, கடைசியில் கேட்டேன்:

"அடுத்த தடவை வந்தா என்னையும் உங்களோட வலைக்குக் கூட்டிக்கிட்டுப் போவியா, ஏழுமலை?"

பஸ் நகர்ந்தது. ஏழுமலை அன்றைக்கு என்னிடம் முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"ரயில்ல வா."