பலகாரச் சூடும் பிரேக் எண்ணெயும்

எங்கள் வீட்டு முன்னறையில் சோபா செற்றி கிடையாது. செற்றி இருக்கவேண்டிய இடத்தில் கார் நின்றது. வந்தவர்கள் கதிரையைக் கொண்டுவந்து அதன் சில்லுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார்கள். நான் அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் கீழ்த்தளம் முன்பு பழக்கடையாக இருந்தது. தெருப்பக்கம் சுருட்டி ஏற்றும் இரும்புக் கதவு, உள்ளே அகலமான முன்னறை, அதற்குப் பின்னால் குசினியும் இரண்டு சின்ன அறைகளும். கார் உள்ளே வளர வளர, பார்க்க வந்த ஒவ்வொருவரும் இது வெளியே போகுமா என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சல் வரும். முதல் ஆணியைத் தொட முன்னரே கதவை அளந்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

கார் லண்டனிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. வீட்டில் வைத்து நாங்களே பூட்டி எடுக்கிற கார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரை இல்லை, மூக்கு நீளம். வாங்கியவன் என் தம்பி. வாங்கியதோடு அவனுடைய ஆசை அடங்கிவிட்டது. பெட்டிகள் வீட்டில் இருந்தால் தான் இருக்கமாட்டேன் என்று அவன் மனைவி சொன்ன பிறகு, தமிழ்க்கடைகளுக்குச் சாமான் கொண்டுவரும் லொறியில் ஏற்றி எனக்கு அனுப்பிவிட்டான். நான் விளையாட்டாகத்தான் கேட்டிருந்தேன்.

ஏன் கேட்டாய் என்றால், கார் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் போரால் பெற்றோல் கிடைக்காமல், ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் நான் கார் ஓட்டப் பழகினேன். எஞ்சினுக்குள் மூக்கை விட்டால் அதற்கு என்ன நோய் என்று சொல்லுகிற அளவுக்குப் பழகினேன். இத்தாலிக்கு வந்து லைசன்ஸை மாற்றி எடுத்தாலும், இங்கே எங்களுக்கு வாய்த்தது ஒரு ஸ்கூட்டர்தான். காலையில் லிபெர்த்தாத் தெருவில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வீட்டுவேலை. மதியம் திரும்பி வந்து சமைத்து, உடுப்புத் தோய்த்து, பிறகு ஸ்பானரை எடுப்பேன். கணவர் கால்சாவில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அவர் வேலைக்குப் போகிற நேரம் நான் காருக்கடியில் படுத்திருப்பேன். என் காலைப் பார்த்துப் போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் குடும்பம் கலைந்துவிடாமல் ஓடியது அந்த மனிதரின் பொறுமையால்தான், அதை நான் மறைக்கமாட்டேன்.

மகள் வேறு மாதிரி. பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளை அவள் வீட்டுக்குக் கூட்டி வந்ததே இல்லை. மற்றவர்கள் வீட்டில் செற்றி இருக்கிறது என்று ஒருமுறை இத்தாலியனில் முணுமுணுத்தாள். சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன்; அவள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். படித்து, வேலை எடுத்து, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு நல்ல பொடியனைத் தானே பார்த்துக்கொண்டும் வந்தாள். கார் மட்டும் முடிந்தபாடில்லை.

கல்யாணப் பேச்சு முற்றாகிய நாளில் வீடு நிறையச் சனம். கணவரின் மூத்த அக்கா, என் மச்சாள், முறுக்கைக் கடித்தபடி, பெண்ணை மண்டபத்துக்கு எதில் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"இதிலைதான் கொண்டு போவன். நான்தான் ஓடுவன்," என்றேன்.

"உது ஓடினால், நான் உதுக்குப் பின்னாலை நடந்து வாறன்," என்றார் மச்சாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது மச்சாளின் சிரிப்பைவிட என்னைக் குடைந்தது. வாக்குக் கொடுத்தது நான். அதில் ஏறி இருக்க வேண்டியது அவள். கார் முடியாவிட்டால் சபையில் என் முகம் போகும். முடிந்தும் அவள் ஏறமாட்டேன் என்றால், அதற்கு என்ன பெயர் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வெறிபிடித்தவள் போல வேலை செய்தேன். எஞ்சின் உள்ளே இறங்கியது, வயர் ஓடியது, விளக்கு எரிந்தது. காரை ஒரேயொரு தடவை தெருவில் விடுவதற்கும் ஓர் எஞ்சினியர் பார்த்துக் கடதாசி எழுதவேண்டும், பிறகு அரசாங்கப் பரிசோதனைக்குப் போகவேண்டும். எஞ்சினியர் படங்களைப் பார்த்தே பாதிக் கடதாசியை எழுதி வைத்திருந்தார். மாப்பிள்ளையாகப் போகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். கூரியர் வான் ஓடுகிறவர். கார் என்றால் அவருக்கும் ஆசை. ஏறிப் பாருங்கோ என்றேன். கோழிக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், மனிதர் இடப்பக்க இருக்கையில் ஏறி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். கால் மட்டும் கீழே எதையோ தேடுகிறது. மாமியாரிடம் பிழை சொல்லக் கூச்சம், பாவம்.

நான் என்ன என்று கேட்ட பிறகுதான் மெல்லச் சொன்னார்.

"மாமி, ஸ்ரியரிங் அங்கை இருக்கு."

வலப்பக்கத்தில் இருந்தது. லண்டனில் இருக்கிற மாதிரி, யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாதிரி, என் கை பழகின மாதிரி. பெட்டியோடு வந்த செய்முறைப் புத்தகத்தின் படங்கள் எல்லாம் வலப்பக்கம். காரின் இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் துளை இருந்தும் நான் யோசிக்காமல் வலப்பக்கத்தில் பூட்டினேன். ஸ்ரியரிங் எல்லாம் இடப்பக்கம் இருக்கிற இத்தாலியில் இருந்துகொண்டு இத்தனை காலம் அதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட வெட்கம், எங்கள் சனம் முழுக்க வந்து பார்த்திருக்கிறது. எல்லோரும் ஊரில் கார் பார்த்தவர்கள், இங்கே ஸ்கூட்டர் ஓடுகிறவர்கள். ஒவ்வொருவராக வலப்பக்கம் ஏறி இருந்து, ஸ்ரியரிங்கைப் பிடித்துப் படம் எடுத்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எஞ்சினியருக்கு நான் அனுப்பிய படங்களோ எஞ்சினும் விளக்கும்தான்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று கோழிக்கறி அடிப்பிடித்தது. புத்தகத்தை ஏசினேன், தம்பியை ஏசினேன், ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்த கணவரை ஏசினேன். அவர் கறியை இறக்கி வைத்தார். மகளுக்குச் சிரிப்பு வந்து, கண்ணீர் வர வரச் சிரித்தாள். அந்த வீட்டில் காரைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எஞ்சினியர் போனில் பொறுமையாகச் சொன்னார்: வலப்பக்க ஸ்ரியரிங் தடை இல்லை, ஆனால் விளக்கு, கண்ணாடி, கடதாசி எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டும், கல்யாணத்துக்கு முன் நடக்காது. இடப்பக்கம் மாற்றினால் எழுதிய கடதாசி செல்லும்.

மாற்றுவது என்றால் ஸ்ரியரிங் மட்டுமல்ல. மூன்று பெடலும், பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்களும், பாதி வயரும் கழற்றி மறுபக்கம் பூட்டவேண்டும். கல்யாண வேலையோ தலைக்கு மேல் கிடந்தது. சேலைக்கு ஆள் பார்ப்பதும் ஐயருக்குப் போன் பண்ணுவதும் காருக்கடியில் படுத்தபடியே நடந்தது. கணவர் லீவு எடுத்துக்கொண்டு வந்து குழாய்களைப் பிடித்துத் தந்தார். மருமகன் வேலை முடிந்து வந்து வயரைப் பார்த்தார்; கல்யாணத்துக்கு முன்பே மாமியார் வீட்டில் இப்படி உழைத்த மாப்பிள்ளையை நான் கண்டதில்லை.

பரிசோதனைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் பலகாரச் சூடு. நல்ல நாள் பார்த்துச் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் பெண் வீட்டுக்கு வந்து கல்யாணப் பலகாரம் சுடுவது எங்கள் வழக்கம். அந்த நாளை மாற்ற யாரும் விடமாட்டார்கள். குசினி போதாமல் முன்னறையிலும் அடுப்பு வைத்தார்கள். ஒரு பக்கம் பயற்றம் பணியாரம் தாச்சியில் பொரிகிறது, மறுபக்கம் நான் கடைசிச் சில்லைக் கழற்றிக்கொண்டு குந்தியிருக்கிறேன். பிரேக் குழாயில் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் சில்லடியில் சின்ன ஆணியைத் திறந்து மூடவேண்டும். கணவர் தேங்காய் வாங்கப் போய்விட்டார். மருமகனுக்கு அன்று வேலை. மகளை அன்று வேலை செய்ய விடமாட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மச்சாள் அடுப்படியில் மாக் கையோடு நின்றார்.

கேட்க எனக்கு வாய் கூசியது. கேட்டேன். மச்சாள் கையைத் துடைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காருக்குள் ஏறினார். இடப்பக்கமாக.

"மிதியுங்கோ மச்சாள். பிடியுங்கோ. விடுங்கோ."

மிதித்தார், பிடித்தார், விட்டார். போத்தலுக்குள் விட்ட குழாயில் குமிழி வந்தது. மறுபடியும் மிதித்தார். ஆரம்பத்தில் வெறும் தொட்டிலை உதைப்பதுபோல் பெடல் போகுது என்றார். பிறகு கொஞ்சம் கனக்குது என்றார். பணியாரம் சுட்ட பெண்கள் ஒவ்வொருவராக வந்து காரைச் சுற்றி நின்றார்கள். எண்ணெய் கருகுது என்று யாரோ சொல்ல, மச்சாள் உள்ளே இருந்தபடியே அடுப்பைத் தணிக்கச் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசிக் குமிழியும் போய்த் தனி எண்ணெய் வந்தது. மச்சாள் இன்னொருமுறை மிதித்தார்.

"இப்ப கல்லு மாதிரி நிக்குது," என்றார். அந்தக் குரலில் என்னைவிடப் பெருமை இருந்தது.

மறுநாள் கார் பரிசோதனையில் தேறியது. எழுதித் தந்த கடதாசியை நான் சிஞ்ஞோராவுக்குக் காட்டினேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினேன், சாமிப்படத்தடியில் வைத்துக் கும்பிட்டேன். இலக்கத்தகடு வந்து பூட்டியபிறகு, கடற்கரைப் பக்கம் ஞாயிறு காலைகளில் மருமகன் எனக்கு இடப்பக்கத்திலிருந்து ஓடப் பழக்கினார். என் மூளைக்கு விளங்கியது. கை மட்டும் ஊரை விட்டு வர மறுத்தது. கியரை எடுக்க வேண்டிய நேரமெல்லாம் இடக்கை போய்க் கதவில் முட்டும்.

கல்யாணத்தன்று காலை இரும்புக் கதவைச் சுருட்டி ஏற்றினோம். கணவர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். எனக்குப் பட்டுச்சேலை, வெறுங்கால், ஸ்ரியரிங். மகள் அலங்காரத்தோடு உள்ளிருந்து வந்தாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். வீடியோக்காரர் வேறு, வாடகைக் காரும் ஒன்று வெளியே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பூமாலை கசங்காமல் சேலையை ஒதுக்கி, எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

தேசிக்காய் நசிந்தது. நாங்கள் வீட்டு ஒழுங்கையால் பெருந்தெருவுக்கு வந்தோம். பின்னால் மச்சாள் ஆரத்தித் தட்டோடு, சொன்ன சொல்லுக்கு ஒழுங்கை முடியும் வரை நடந்து வந்தார். அதற்குப் பின்னால் கணவர் ஸ்கூட்டரில்.

பலெர்மோத் தெருவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அங்கே கோடு என்பது போட்டவருக்கு மட்டும்தான். ஸ்டேஷனடியில் விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். என் இடக்கை மறுபடியும் கதவில் முட்டியது. எஞ்சின் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மருதாணிக் கை ஒன்று வந்து என் வலக்கையைப் பிடித்து எடுத்துக் கியரின்மேல் வைத்தது.

"அம்மா, இந்தக் கை," என்றாள் மகள்.

அவள் தன் கையை எடுக்கவில்லை. இடக்கையால் திறப்பைத் திருகி எஞ்சினை உசுப்பி, என் கைமேல் அவள் கை இருக்க நான் கியர் போட்டேன். ஸ்கூட்டர்ப் பொடியன்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு வீவா லா ஸ்போசா என்று கத்தினார்கள். மணப்பெண் வாழ்க என்று. அவள் எழுந்து நிற்காத குறையாகக் கை காட்டினாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே மண்டப வாசலில் நிறுத்தினேன். பிரேக் கல்லு மாதிரி நின்றது.

தாலி கட்டியபின் பெண்ணை வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாற்றி இருத்தச் சொன்னார் ஐயர். மச்சாள் என் இடுப்பில் இடித்தார். மணவறையில் நின்ற நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது வீடியோவில் இருக்கிறது. ஏன் என்று இன்றும் கேட்கிறார்கள்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரம். நான் கார்த் திறப்பை மருமகனிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் சிரித்துக்கொண்டே வலப்பக்கம் போய் ஏறி இருந்தார். மகள் கூறைச்சேலையை இழுத்துச் செருகி, செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"திறப்பை என்னட்டைத் தாங்கோ அம்மா. அவர் உங்களுக்குப் பழக்கின நாளிலை, உங்களை இறக்கிவிட்ட பிறகு நானும் பழகினனான்," என்றாள்.

இடப்பக்கம் ஏறினாள். என்னைப்போல் தடுமாறவில்லை, முதல் தடவையே வலக்கை கியருக்குப் போனது. கார் மண்டப வாசலால் திரும்பி மறையும் வரை நான் அவளுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.