ஆடியில் இரண்டு கிருத்திகை

விமானம் ஓட்டுகிறவர்கள் மின்சார ரயிலில் நின்றுகொண்டு வருவார்களா என்றால், வருவார்கள். கேப்டன் ஹேமாவதி அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் திருத்தணியில் வந்து இறங்கினாள். அரக்கோணம் தாண்டித்தான் உட்கார இடமே கிடைத்தது. கூடவே கேப்டன் வேடியப்பனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் தர்மபுரிப் பக்கம், ஐம்பதை நெருங்குகிற ஆள், பைலட்டுகள் சங்கத்தின் செயலாளர். இவளுக்கு முப்பத்தேழு. பிறந்தது பக்கத்து மணவூர். அப்பா கோதண்டம் வேர்க்கடலை போடுவார். களை எடுக்கும்போது அரக்கோணத்துக் கடற்படை விமானம் தலைக்கு மேலே போனால், இவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பாள். "இந்தப் பொண்ணு வேலைக்கு ஆவாது" என்று ஊரே தீர்ப்பு எழுதியது. அந்தப் பெண்தான் இன்று நூற்றெண்பது பேரை உட்காரவைத்து மேலே தூக்கிக்கொண்டு போகிறாள். ஊருக்கு வாய் மட்டும் இன்னும் குறையவில்லை.

அன்று இரண்டு பேர் முகத்திலும் முழுப்பரீட்சை முடிந்த பிள்ளைகளின் தெளிவு. பதின்மூன்று மாதம் கம்பெனியோடு மல்லுக்கட்டிய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமைதான் ஒருவழியாகப் படிந்தது. பேசப் போன ஐந்து பேரில் ஹேமாவதியும் ஒருத்தி. திங்கள் காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து. அதற்குள் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே ஒரு காவடிக்கும் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தில் ஓய்வு நேரம், இரவு டூட்டி என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் பைலட்டுகள் வாயில் புரண்டது ஒரே விஷயம்தான்: லீவு. அதுவரைக்கும் சீனியர்கள்தான் முதலில் எடுப்பார்கள். தீபாவளியும் பொங்கலும் முதல் பந்தியிலேயே தீர்ந்துபோகும். கடைசிப் பந்திக்கு என்ன மிஞ்சும்? புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மிஞ்சும். இனிமேல் அப்படி இல்லை. சீனியர் ஜூனியர் பார்க்காமல், ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு நாளைத் தன் 'சொந்தத் திருநாள்' என்று எழுதிக் கொடுக்கலாம். அன்று அவரை யாரும் வேலைக்குக் கூப்பிட முடியாது.

ஹேமாவதி எழுதிக் கொடுத்தது ஆடிக் கிருத்திகை. அதற்குக் காரணம் அவள் மகள் யுவஸ்ரீ. அவள் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். ஹேமாவதி வெளியே நின்று, "இவ பொழைச்சி வந்தா போதும், ஏழு வயசு முடியறதுக்குள்ள ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தாள். இப்போது வீட்டுச் சுவரையெல்லாம் கிறுக்கித் தள்ளுகிறாள். காவடிதான் எடுத்தபாடில்லை. ஆறு ஆடி வந்தது, ஆறு ஆடியும் டூட்டியிலேயே போனது. ஒரு வருஷம் கிடைத்த லீவைக்கூட மூன்று நாள் முன்னால் பிடுங்கிக்கொண்டார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட, பாக்கி நிற்கிற காவடிதான் இவளுக்கு ஞாபகம் வரும். வருகிற ஐப்பசியில் ஏழு முடிகிறது. இந்த ஆடியை விட்டால் வேறு ஆடி இல்லை. சாமிக்கு எந்த நாளாயிருந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வேண்டிக்கொண்டது அவள், நீங்கள் இல்லை.

லீவைப் பிடுங்கிய அந்தக் கோபத்தில்தான் பேச்சுவார்த்தையில் அவள் ஒரு விதியைக் கேட்டு விடாப்பிடியாக நின்றாள். எழுதிக் கொடுத்த நாளைக் கம்பெனி மாற்றக் கூடாது. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அப்படின்னா பைலட்டும் மாத்தக் கூடாது" என்றார்கள். "ஆங், எழுதிக்குங்க!" என்று மேசையைத் தட்டினாள் ஹேமாவதி. அப்படியே எழுதினார்கள். யார் யாருக்கு எந்த நாள் என்ற பட்டியலில் இரண்டு தரப்பும் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பமும் போட்டாகிவிட்டது.

மலையடிவாரத்தில் சின்னம்மாளின் பூக்கடை. காவடி கட்டித் தருவதும் அவள்தான்.

"அக்கா, ஆடிக் கிருத்திகைக்கு ஒரு புஷ்பக் காவடி வேணும். ஆடி நாலாந் தேதி காலையிலயே வந்துடுவோம்" என்றாள் ஹேமாவதி.

சின்னம்மாள் சாமந்தி தொடுக்கிற கையை நிறுத்தவே இல்லை. "நாலாந் தேதி இன்னாத்துக்கும்மா? இந்த வருஷம் ஆடியில ரெண்டு கிருத்திகை வருது. நாலாந் தேதி ஒண்ணு, முப்பத்தொண்ணு ஒண்ணு. ரெண்டாவதைத்தான் கோயில்ல ஆடிக் கிருத்திகைன்னு எடுப்பாங்க. தெப்பம், காவடி, ஜனம் அல்லாம் அன்னிக்குத்தான். தோ, கோயில் காலண்டரைப் பாரு."

பார்த்தாள். சின்னம்மாள் சொன்னபடியேதான் இருந்தது. ஹேமாவதி போனில் தேடி, ஆடியில் முதலில் கண்ணில் பட்ட கிருத்திகையின் தேதியை எழுதிக் கொடுத்திருந்தாள். இந்த ஊர்க்காரி செய்கிற காரியமா இது? இங்கேயே இருந்திருந்தால் டீக்கடை வாசலிலேயே காதில் விழுந்திருக்கும். வருஷம் முழுக்க ஆகாயத்தில் குடியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

"அண்ணா, நான் கெட்டேன்" என்றாள்.

வேடியப்பன் அவளைப் பக்கத்து டிபன் கடைக்குள் உட்காரவைத்து இட்லி சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் குபீரென்று சிரித்துவிட்டார். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"சரி வுடு. நாளைக்குக் கையெழுத்துக்கு முன்னாடி அந்தப் பட்டியலைத் திறக்கச் சொல்றேன். ஒரே ஒரு தேதிதானே?"

"வேணாம்ணா." யோசிக்காமல் வந்தது பதில். "நாம ஒரு பக்கத்தைத் திறந்தா அவங்க பத்துப் பக்கத்தைத் திறப்பாங்க. ஓய்வு நேரத்துல அரை மணி கொறைக்கணும்னு இன்னும் கண்ணு வெச்சிகினுதான் இருக்காங்க. அறுநூறு பேரு பதிமூணு மாசமாக் காத்துகினு இருக்காங்கண்ணா. என் காவடிக்காக அதைக் கெடுத்தா முருகனே என்னை வூட்டுக்குள்ள சேர்க்க மாட்டான்."

"அப்போ உன் வேண்டுதல்?"

"முப்பத்தொண்ணாந் தேதி டூட்டி போட்டா ஓட்டித்தான் ஆவணும். மாத்தக் கூடாதுன்னு மேசையைத் தட்டுனவளே நான்தானே?" மகளின் முகம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடியே கண்முன் வந்து நின்றது. இட்லியைப் பிட்டவள் வாயில் வைக்கவில்லை.

வேடியப்பன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் ஒப்பந்தத்தைத் திறந்தார். எதையும் விரல் வைத்து வரிவரியாகப் படிக்கிற மனுஷன். அவர் தட்டிலும் இட்லி ஆறியது. கடைக்காரர் இரண்டு தரம் வந்து, "சட்னி ஏதாச்சும் வேணுங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாற்பதாம் பக்கம் தாண்டியதும் வேடியப்பனின் விரல் நின்றது.

"ஹேமா, இதைப் படிச்சியா நீ?"

"எதைண்ணா?"

"பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்துல."

படிக்கவில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சரிபார்க்கும் பட்டியலை இரண்டு தரம் படிக்கிறவள், ஒப்பந்தத்தில் தன் விதி இருந்த பக்கத்தை மட்டும் ஆசை ஆசையாகப் படித்துவிட்டு மீதியைப் புரட்டிவிட்டிருந்தாள்.

வேடியப்பன் தமிழில் சொன்னார்: "திருநாளோட பேருதான் கணக்கு. தேதி உத்தேசம்தான். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, அந்த ஊர்ல அந்தத் திருநாள் என்னிக்கு நடக்குதோ, அன்னிக்குத்தான் லீவு."

"இதை யாருண்ணா சேர்த்தது?"

"நம்ம மேல்விஷாரத்து கேப்டன். நீ அன்னிக்குக் கவுகாத்தி ஓட்டிக்கினு போயிட்ட. பிறை தெரிஞ்சாத்தானே ரம்ஜான், ஆறு மாசம் முன்னாடியே தேதி குடு, அப்புறம் மாத்தாதேன்னா நான் எங்க போவேன்னு மூணு மணி நேரம் விடாம மல்லுக்கு நின்னாரு. உன் விதியைப் பார்த்துப் பயந்துதான் அவரு இதைக் கேட்டதே." வேடியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பட்டியல்ல நீ எழுதின பேரு என்னம்மா?"

"ஆடிக் கிருத்திகை, திருத்தணி."

"அப்புறம் என்ன?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பெனி வாயால் கேட்க வேண்டும் என்றாள். வேடியப்பன் கம்பெனி சார்பில் பேசிய அதிகாரிக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டால் யாருக்கு இனிக்கும்? அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அவங்க ஊர்ல அந்தத் திருவிழா என்னிக்குன்னு ஆதாரம் இருக்கா?" என்றார்.

ஹேமாவதி கை கழுவக்கூட நிற்கவில்லை. பூக்கடைக்கு ஓடினாள். சின்னம்மாளின் காலண்டரை நாலு பக்கமிருந்தும் படம் பிடித்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு அங்கேயே நின்றாள். மேலே படிக்கட்டில் யாரோ அரோகரா போட்டுக்கொண்டு ஏறினார்கள். பேருந்துகள் திருப்பதி, திருப்பதி என்று ஆள் ஏற்றின. வேடியப்பன் கடைக்காரரிடம் காசு கொடுத்துவிட்டு, பின்னாலேயே மெதுவாக வந்து சேர்ந்தார். அப்போது அவர் போனில் செய்தி வந்தது. பதில் இரண்டே வரி. இரண்டாவது கிருத்திகைக்கே விடுப்பு குறித்தாகிவிட்டது, பட்டியலைத் திறக்கத் தேவையில்லை.

அவர் அதைப் படித்துக் காட்டியதும் ஹேமாவதிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று அங்கிருந்த காலிப் பூக்கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். கூடை நசுங்கியது. ஒப்பந்தமும் பிழைத்தது, வேண்டுதலும் பிழைத்தது. கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"அன்னிக்கு உன் இடத்துல யாராவது ஓட்டணுமே. என்னைப் போடச் சொல்லிடறேன்" என்றார் வேடியப்பன். "எனக்கும் சேர்த்து ஒரு அரோகரா போட்டுடு."

சின்னம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நசுங்கின கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, அழுதுகினே சிரிக்கிற? பிளேன் ஓட்டறவங்களுக்கு அப்படி இன்னாதான் கெடைச்சிது?"

"லீவு கெடைச்சிடுச்சிக்கா" என்றாள் கேப்டன் ஹேமாவதி. "ஒரு நாள் லீவு."