ஏரி நடுவே ஒரு ஞாயிறு

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான் டாக்டர். மதுரையிலிருந்து வரும் உறவினர்கள், உனக்கென்ன, குளிரில் சொகுசாக இருக்கிறாய் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு காப்பி கொடுப்பேன். சீசனுக்கு மலையேறி வருகிறவர்களுக்கு ஊர் முழுக்க உட்கார இடம் உண்டு. எனக்குத்தான் இல்லை.

பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில் ஒரு பெஞ்சு எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து நாக்கை நீட்டுவார்கள். கடைத்தெருவில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. அடுப்புச் சூடு முதுகில் படும்படி உட்கார அதில் ஒரு மூலை. ஒரு நாள் பன்னைக் கடிக்கப் போகும்போது பெரியவர் ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகுக் கட்டியைக் காட்டினார். அதே ஆள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

ஊருக்கு மேலே உள்ள மேல்மலைக் கிராமத்துச் சனங்களின் கணக்கே வேறு. ஆஸ்பத்திரி என்பது வரிசையில் நிற்கும் இடம். வைத்தியம் இருப்பது டாக்டரம்மா கையில். அந்த அம்மா ஓய்வாக இருக்கும்போது போய்ப் பிடித்தால்தான் நிதானமாகப் பார்ப்பாள். அதனால் நான் எங்கே, எப்போது ஓய்வாக இருப்பேன் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் இல்லாவிட்டாலும் நர்சுகள் பார்ப்பார்கள், நேரே அங்கே போங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் ஏரிக்குப் போனேன். எனக்குத் துடுப்புப் போடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படகை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நிறுத்திவிட்டால் நாக்கை நீட்ட ஆள் கிடையாது. ஏதும் அவசரமென்றால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கரைக்கு வந்து விசில் ஊத வேண்டும் என்று ஏற்பாடு. விசில் வராதவரை நான் ஒன்றுமே செய்ய மாட்டேன். அந்த ஒரு பொழுதுக்காகத்தான் வாரம் முழுவதும் ஓடினேன்.

அந்த ஞாயிறு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரையில் ஒருவர் நின்றார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். காலடியில் கம்பளி சுற்றிய ஒரு மூட்டை. மேல்மலையிலிருந்து உருளைக்கிழங்கு லாரியில் வந்தவர், சரக்கை இறக்கிவிட்டு நிற்கிறார் என்று நினைத்தேன். விசில் சத்தமும் இல்லை. துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடுபனி வந்து போனது. கண் திறந்தபோதும் அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். அப்போதுதான் மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே சரிந்தது.

எப்படிக் கரைக்கு வந்தேனோ தெரியாது. அவர் மேல்மலையில் கவுஞ்சி என்ற ஊர்க்காரர். கம்பளிக்குள் இருந்தது அவர் மனைவி. விடியற்காலையில் வீட்டிலேயே பிள்ளை பெற்றிருக்கிறாள்; பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. அவர்கள் வந்த லாரி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் ஏரிக்கு வந்திருக்கிறது. அங்கே இறங்கியிருந்தால் நர்சு ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேனை விரட்டியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா ஏரியில் இருப்பார் என்று ஊரில் சொல்லி அனுப்பியதால் இவர் இறங்கவில்லை.

"ஏன்யா கூப்பிடல?" என்று கத்தினேன்.

"கண்ண மூடி உக்காந்திருந்தீங்கம்மா. அசந்து இருக்கறவங்கள எப்பிடிச் சத்தம் போட்டுக் கூப்பிடுறது? நீங்களாப் பாத்து வருவீங்கன்னு நின்னேன்."

மதிக்கிறவர்களைத் தூரத்திலிருந்து குரல் கொடுத்து அழைப்பது அவர் ஊரில் வழக்கமில்லை. கண்ணில் படும்படி துண்டை எடுத்துவிட்டு நிற்பார்கள், எதிரில் இருப்பவரே என்னவென்று கேட்கும்வரை. மரியாதையாம். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனைவி காலடியில் வெளுத்துக்கொண்டிருந்தாள், அவர் மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நஞ்சுக்கொடியை எடுத்தேன். ஊசி, சலைன், கால்மாட்டை உயர்த்திக் கட்டை வைத்தது என்று கையில் இருந்ததையெல்லாம் செய்தோம். ரத்தம் ஏற்ற அங்கே வசதி கிடையாது. பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

வெளியே வந்து சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் ஈரச் சேலையையும் முகத்தையும் பார்த்தார்.

"நீங்க கலங்காதீங்கம்மா. செத்த நேரம் நிம்மதியா இருந்தீங்க. நான் வந்து கெடுத்துட்டேன்" என்றார்.

நல்ல மனிதர். அந்த வார்த்தைக்காக அவரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.